முட்டம் கலங்கரை விளக்கம்: இருட்டும் வரை இருந்து பாருங்கள்

குமரி மாவட்டத்து முட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சூரியன் கடலில் இறங்கியதும் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். அங்கே இருக்கும் கலங்கரை விளக்கம் தன் வேலையைத் தொடங்குவதே அதற்கு அப்புறம்தான். தக்கலைப் பக்கத்தில் குடியிருப்பதால், வெளியூரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் முட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு எனக்கு வந்துவிடும். அப்படிப் போய்ப் பார்த்தும், அங்குள்ளவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதன்முறை போகிறவர்களுக்கு இது உதவும். இந்தக் கரையை இன்னும் நிதானமாக எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

நாகர்கோவிலிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை வழியாகப் போனால் தென்னந்தோப்புகளும் வாழையும் மாறி மாறி வரும். கடல் வரப்போகிறது என்பதற்கு எந்த அறிகுறியும் இருக்காது. பிறகு மண் சிவக்கும். முட்டத்துச் செம்மண் மேடுகள் மழை அரித்த பள்ளங்களோடு இரண்டு பக்கமும் எழும்பும். அவற்றைத் தாண்டியதும் பாறையும் கடலும் ஒருசேரக் கண்ணில் படும். சினிமாவில் பார்த்த பாறைகள் என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். கேமரா காட்டாத ஒன்று உண்டு: அலையின் ஓசை. பாறை இடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்து திணறி வெளியேறும்போது, அடிவயிற்றில் அதிர்வு தெரிகிறது.

விளக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் அது ஏன் இந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மும்பை, கொச்சிப் பக்கமிருந்து கிழக்கே போகும் கப்பல்கள் குமரி முனையைச் சுற்றித்தான் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் போக வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் கரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடம் முட்டமும் கடியப்பட்டணமும். நீட்டிய பாறைகளோடு விஷயம் முடிந்துவிடவில்லை. நீருக்கடியிலும் பாறைகள் தொடர்கின்றன. கடியப்பட்டணத்துக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் பாறைக்குக் குரோகடைல் ராக் என்று பெயரிட்டுப் பழைய கப்பலோட்டிகளின் வழிகாட்டிகள் எச்சரித்திருக்கின்றன. முதலையைப் போலத் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் பாறைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இந்தக் கடலில் நீராவிக் கப்பல்களின் போக்குவரத்து பெருகியது. இங்கே விளக்கு எழுந்ததும் அந்த நூற்றாண்டில்தான், திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. ஆள்கிறவர்கள் மாறினாலும் விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. இப்போது மத்திய அரசின் கலங்கரை விளக்கத் துறை இதைப் பராமரிக்கிறது. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது.

மேலே ஏறுவது பற்றி. பார்வையாளர் நேரம் வழக்கமாக மதியத்துக்கு மேல்தான். ஆனால் பராமரிப்பு வேலை, விடுமுறை என்று அவ்வப்போது மாறும். எப்போதோ யாரோ இணையத்தில் போட்டு வைத்த நேரத்தை நம்பி, மூன்று வண்டிகளில் வந்த ஒரு குடும்பம் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியதை நான் நேரில் கண்டேன். கிளம்புவதற்கு முன் உள்ளூர்க்காரர் யாரிடமாவது கேட்டுக்கொள்வது நல்லது. கட்டணம் சொற்பம். சில்லறை கையில் இருக்கட்டும். கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டா என்று கீழேயே கேட்டுவிட்டால் மேலே போய் இறங்க வேண்டியிருக்காது.

படிகள் சுழன்று ஏறும். பாதி வழியில் மூச்சு வாங்கினால் ஓரமாக ஒதுங்கி நின்று, இறங்குகிறவர்களுக்கு வழி விட வேண்டும். கடைசிப் பகுதி செங்குத்து. அங்கே ஒருவர் ஏறி முடித்த பிறகு அடுத்தவர் ஏறுவதுதான் சரி. பின்னால் இருப்பவரின் அவசரத்துக்காகக் காலை மாற்றி வைக்காதீர்கள். பெரிய பை, தண்ணீர்க் குடம் போன்ற பாட்டில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

உச்சியில், வெளி மாடத்தில் காலெடுத்து வைத்ததும் காற்று ஆளைத் தள்ளும். கீழே இலை அசையாத நாளிலும் மேலே அப்படித்தான். துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கைபேசியைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் படம் எடுக்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். தலை சுற்றுகிறவர்கள் கீழே பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்தபடி சுவரில் முதுகைச் சாய்த்து நின்றால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மதுரையிலிருந்து வந்திருந்த என் அத்தை அப்படி நின்றுதான் பயம் தெளிந்தார். தெளிந்த பிறகு இறங்க மனமில்லாமல் நின்றதும் அவர்தான்.

மேலிருந்து மேற்கே பார்த்தால் கடியப்பட்டணம், வள்ளியாறு கடலில் சேரும் முகத்துவாரம், அதற்கு அப்பால் மணவாளக்குறிச்சிக் கடற்கரை, இன்னும் தள்ளிக் குளச்சல் பக்கம். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்ற குளச்சல் அதுதான். வடக்கே வேளிமலை. கிழக்கே மணலும் தென்னையும் குமரி முனையை நோக்கி நீளும். கரையோரத்து மணலில் கறுப்புக் கோடுகள் ஓடுவதை உயரத்திலிருந்து தெளிவாகப் பார்க்கலாம். அது அழுக்கு அல்ல. இல்மனைட், மோனசைட், கார்னெட் என்ற கனிமங்கள் கலந்த கன மணல். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் இன்றைக்கும் நடக்கும் கனிம மணல் தொழிலுக்கு ஆரம்பம் அதுதான்.

இந்த மணலுக்கும் விளக்குக்கும் ஒரு உறவு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்தத் தோரியத்துக்கு அன்று இருந்த பெரிய தேவை பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளில் மாட்டும் மேண்டில், அதாவது சூட்டில் பளீரென்று ஒளிரும் வலைக்கூடு, செய்வதுதான். மின்சாரம் பரவுவதற்கு முன், உலகத்தின் பல கலங்கரை விளக்கங்களில் எண்ணெய் ஆவியில் ஒளிர்ந்ததும் அப்படிப்பட்ட மேண்டில்தான். முட்டத்து மாடத்தில் நின்று அந்தக் கறுப்பு மணலைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. எந்தக் கடலிலோ எந்தக் கோபுரத்திலோ எரிந்த வெளிச்சத்துக்கு நம் ஊர் மண் போயிருக்கிறது.

விளக்கறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் பேரன், எட்டாம் வகுப்பில் படிக்கிறவன், அங்கிருந்த ஊழியரிடம் கேட்டான்: "அண்ணே, இவ்வளவு பெரிய விளக்கு எப்படி அணைந்து அணைந்து எரிகிறது?"

"விளக்கு அணைவதே இல்லை மக்களே. கண்ணாடிதான் சுற்றுகிறது" என்றார் அவர்.

அந்த ஒரு பதிலில் எல்லாம் அடங்கியிருக்கிறது. சாதாரண விளக்கின் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிப் போகும். அதைச் சிதற விடாமல் ஒரே திசையில் கற்றையாக்கி அனுப்ப, 1820-களில் பிரான்ஸின் ஃபிரெனெல் ஒரு வழி கண்டார். ஒரே தடித்த லென்ஸுக்குப் பதிலாகப் பட்டை பட்டையாகப் பட்டகங்களை வளையங்களாக அடுக்கினார். நடுவில் லென்ஸ், சுற்றிலும் மேலும் கீழும் பட்டகங்கள்; ஒவ்வொரு பட்டகமும் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி ஒரே கற்றையில் சேர்க்கிறது. 1823-இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதன்முதலாக எரிந்தது. கண்ணாடிக் கூடு சுழலும்போது கற்றையும் சுழல்கிறது. அது நம் பக்கம் திரும்பும் நொடியில் மின்னலாகத் தெரிகிறது. கடந்து போனதும் இருட்டு. டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடிக் கூடுகளையும் ஒரு விரலால் தள்ளும்படி பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டு, கடிகாரத்தைப் போல எடைக்கல் கட்டிச் சுழல வைத்த காலமும் இருந்தது.

பகலில் விளக்கறைக் கண்ணாடிகளுக்குத் திரை போடும் வழக்கம் உண்டு. விளக்கின் ஒளியைக் குவித்து வெளியே அனுப்பும் அதே லென்ஸ், வெயிலைக் குவித்து உள்ளே விளக்கின்மேல் பாய்ச்சிவிடும். உப்புக் காற்றும் ஒரு பெரிய எதிரி. வெளிக் கண்ணாடியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். துடைக்காமல் விட்டால் வெண்படலம் கட்டி ஒளியைத் தின்றுவிடும். இரும்புக் கம்பிகளில் ஒரு பெயின்ட்டின்மேல் இன்னொரு பெயின்ட்டாக ஏறித் தடித்திருப்பதைத் தொட்டுப் பாருங்கள். துருவோடு ஒவ்வொரு வருடமும் நடக்கும் சண்டை அது. அப்படிப்பட்ட சுவரில் பெயரைக் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி, இருட்டிய பிறகு செய்ய வேண்டியது. கீழே இறங்கி, கோபுரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பாறைகளுக்கு மேலே மேட்டில் ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். விளக்கு எரியத் தொடங்கியதும் ஒரு மின்னலில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த மின்னல் வரும் வரை எண்ணுங்கள். ஒரு முறை எண்ணினால் பிசகும். முதல் மின்னலிலிருந்து அடுத்த பத்து மின்னல்கள் வரும் வரை ஆகும் நேரத்தைப் பத்தால் வகுத்தால் கணக்குச் சரியாக வரும். அந்த இடைவெளிதான் ஒரு கலங்கரை விளக்கத்தின் அடையாளம். பக்கத்துப் பக்கத்துக் கரைகளில் உள்ள விளக்குகளுக்கு ஒரே கணக்கு வராதபடி பார்த்துக்கொள்வார்கள். கடலில் இருப்பவர் இடைவெளியை எண்ணி, கையிலிருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, எந்த விளக்கு என்று தெரிந்துகொள்வார். பிள்ளைகளிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டால் அவர்களே எண்ணி முடித்துவிடுவார்கள். நமக்கு அந்த நேரம் கடலைப் பார்க்கக் கிடைக்கும்.

எவ்வளவு தூரம் தெரியும் என்ற கேள்வியும் வரும். பூமி உருண்டை என்பதால் உயரம்தான் தூரத்தை முடிவு செய்கிறது. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை எடுத்து 3.57-ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் எரியும் விளக்கு என்றால் சுமார் 22.6 கிலோமீட்டர். வள்ளத்தில் இருப்பவரின் கண் தண்ணீருக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் சேரும். காற்று மண்டலம் ஒளியைச் சற்று வளைப்பதால் நடைமுறையில் கொஞ்சம் கூடவும் தெரியும். மணல் கரையில் நிற்கும் நமக்கோ நாலரை கிலோமீட்டரில் கடல் முடிந்துவிடுகிறது. குன்றின்மேல் கோபுரம் எழுப்பியதன் காரணம் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது.

கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்: "பாட்டா, இப்போது எல்லோரிடமும் ஜி.பி.எஸ். இருக்கிறதே, விளக்கைப் பார்க்கிறார்களா?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெட்டி சொல்லுகிறது சரிதானா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். பகலில் வேளிமலையும் கோயில் கோபுரமும். இரவில் இது." அவர் சொன்ன கோயில், ஊரின் சகல புனிதர்கள் ஆலயம். கடலுக்குள் மீன் கிடக்கும் பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, அவருடைய தகப்பனார் காலத்தில் மலை உச்சியையும் கோபுரத்தையும் ஒரு நேர்க்கோட்டில் நிறுத்தித்தான் கண்டுபிடித்தார்களாம். இரண்டு திசைகளில் இரண்டு நேர்க்கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ அங்கேதான் அந்தப் பார் இருக்கும். கட்டுமரத்தில் நின்றபடி செய்த கணக்கு அது. பேச்சு ஒக்கிப் புயலுக்குத் திரும்பியபோது அவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். 2017 நவம்பர் 30 அன்று, எந்தக் கரை விளக்கும் எட்டாத ஆழ்கடலில் இருந்த இந்த மாவட்டத்து மீனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பாறைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முட்டத்தில் ஆபத்து கோபுரத்தில் இல்லை, பாறையில்தான். நம் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் தண்ணீர் எங்கே வரும் என்று பார்த்துவிட்டோம் என்ற தைரியம் சுலபமாக வந்துவிடும். இங்கே கவனிக்க வேண்டியது தொலைவிலிருந்து வரும் நீண்ட அலைகளை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் கிளப்பும் அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து சில நாட்கள் கழித்து இந்தக் கரையில் வந்து மோதும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறும். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் கேரளக் கரையிலும் நம் கரையிலும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் இதே மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம்தான் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. செய்தித்தாளிலும் வானொலியிலும் வரும். கிளம்பும் நாள் காலையில் அதைப் பார்த்துவிட்டு, எச்சரிக்கை இருந்தால் பாறைப் பக்கமே போகாதீர்கள். கோபுரத்தடியில் நின்று பார்த்தாலும் கடல் கடல்தான்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் போனதும் பாறையில் இறங்கக் கூடாது. மேட்டில் நின்று கால் மணி நேரமாவது அலையைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை வந்துகொண்டே இருக்கும், நடுவில் மூன்று நான்கு பெரியவை சேர்ந்து வரும். அந்தப் பெரியவை எதுவரை நனைக்கின்றன என்று பார்த்து, அதற்கு வெகு மேலே நில்லுங்கள். நனைந்து கறுத்த பாறையில் கால் வைக்கவே கூடாது. அதில் பச்சை தெரிந்தால் பாசி; அந்த வழுக்கலில் எந்தச் செருப்பும் நிற்காது. கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க நிற்கவும் கூடாது. "அண்ணே, அங்கே நிற்காதீர்கள்" என்று வலை தூக்கிப் போகும் பையன் சொன்னால், காரணம் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். அவன் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த கடல் அது.

கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் அதே பாறைகளில் சிப்பி எடுப்பவர்களைப் பார்க்கலாம். இடுப்பில் வலைப்பையும் கையில் இரும்பு உளியுமாக மூச்சடக்கி இறங்குவார்கள். பழுப்பு நிறச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக, தலைமுடியைப் போன்ற இழைகளால் பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கையால் இழுத்தால் வராது; உளியை அடியில் கொடுத்து நெம்ப வேண்டும். கரையில் ஒரு சாக்கின்மேல் கொட்டியபோது ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஓட்டின்மேல் குட்டிச் சிப்பிகள் நாலைந்தும் ஒரு துளிக் கடற்பாசியும் ஒட்டியிருந்தன. கடலோரச் சாப்பாட்டுக் கடையில் சிப்பி வறுவல் கிடைத்தால் சாப்பிட்டுப் பாருங்கள். மிளகு தூக்கலாக இருக்கும்.

எந்த மாதம் போகலாம்? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்பது என் முடிவு. வானம் துலக்கமாக இருக்கும், கடலும் அடங்கியிருக்கும். சூரியன் தென்மேற்கே ஒதுங்கி நேராகக் கடலில் இறங்கும். ஜூனில் வடமேற்கே நகர்ந்து கரையை ஒட்டியே இறங்கும். அதுவும் மேகம் விட்டால்தான். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரைக்கான விசைப்படகு மீன்பிடித் தடைக்காலமும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான். அந்த மாதங்களில் போவதென்றால் தூரத்திலிருந்து அலையைப் பார்ப்பதற்காக மட்டும் போகலாம். அதுவும் ஒரு காட்சிதான்.

முழங்கால் வலி உள்ளவர்களை ஏறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். என் அம்மா ஏறுவதில்லை. கீழே காற்றாட உட்கார்ந்திருப்பார். இருட்டிய பிறகு நாங்கள் எல்லோரும் அவர் பக்கத்தில் வந்து உட்காருவோம். விளக்கை எண்ணுவதற்கு ஏற வேண்டிய அவசியமில்லை. ஒரு டார்ச், தண்ணீர், பிள்ளைகளுக்கு ஒரு மேல்சட்டை இருந்தால் போதும்.

பஸ்ஸில் வருகிறவர்கள் நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் உள்ள அண்ணா பஸ் நிலையத்தில் ஏற வேண்டும். வெளியூர் பஸ்கள் வந்து நிற்கும் வடசேரி அல்ல. முட்டத்தில் இறங்கியதும் நடத்துநரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு ஏற்றும் வரை இருந்தால் கூட்டம் வடிந்திருக்கும், ஆட்டோக்களும் குறைந்திருக்கும். ஆட்டோவில் வந்திருந்தால் அதே ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லி, காத்திருப்புக்கு என்ன கூலி என்று முன்பே பேசி முடித்துக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.